பதினான்காம் தேதி பதின்மூன்றாம் தேதியான கதை

சில ஆண்டுகளுக்கு முன், மூத்த குடிமக்களுக்கு அடையாள அட்டை வழங்கும் ஒரு நிறுவனத்துக்காக நானும் என் குழுவினரும் ஒரு பதிவுப் படிவத்தை உருவாக்கிக் கொடுத்தோம். படிவத்தில் பிறந்த தேதியைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு நாட்காட்டிக் கட்டம் இருந்தது. தேர்ந்தெடுத்த தேதி உலாவியிலிருந்து சர்வருக்குப் போய், தரவுத்தளத்தில் பதிவாகி, அங்கிருந்து அட்டையில் அச்சாகும். பல வாரங்கள் எந்தக் குறையும் இன்றி ஓடியது. பிறகு ஓர் அம்மையார் தம் அட்டையைத் திருப்பி அனுப்பினார். தாம் பிறந்தது 1943 ஜூலை 14 என்றும், அட்டையில் ஜூலை 13 என்று அச்சாகியிருக்கிறது என்றும் ஒரு தாளில் எழுதி இணைத்திருந்தார். படிவத்தை நிரப்பியவரின் கை தவறியிருக்கும் என்று எண்ணி, அதே படிவத்தில் நானே அவருடைய தேதியை மீண்டும் உள்ளிட்டேன். திரையில் 14 என்று பார்த்து உறுதி செய்துகொண்டுதான் பொத்தானை அழுத்தினேன். தரவுத்தளத்தில் 13 என்றே பதிவானது.

அடுத்த சில வாரங்களில் இன்னும் இருவரிடமிருந்து இதே புகார் வந்தது. மூவரும் 1942 இறுதிக்கும் 1945க்கும் இடைப்பட்ட காலத்தில் பிறந்தவர்கள். 1938இல் பிறந்தவருக்கும் 1950இல் பிறந்தவருக்கும் தேதி சரியாகவே பதிவாகியிருந்தது. ஒரே நிரல், ஒரே சர்வர். பிறந்த ஆண்டைப் பொறுத்து மட்டும் தவறு நேர்கிறது என்பது முதலில் நம்பவே முடியாததாக இருந்தது.

உலாவி என்ன அனுப்புகிறது என்று பார்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் 'டேட்' என்ற பொருளுக்குள் தேதி என்று ஒன்று கிடையாது. 1970 ஜனவரி 1ஆம் நாளின் யூடிசி (இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி பிந்திய உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிவினாடிகள் கடந்தன என்ற ஓர் எண்தான் இருக்கிறது. நாட்காட்டிக் கட்டத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால், அந்த நாளின் உள்ளூர் நள்ளிரவு 12 மணியை அது கணமாக எடுத்துக்கொள்கிறது. அதை ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர வடிவில் (ஆண்டு-மாதம்-நாள், பிறகு மணி) எழுதச் சொன்னால் யூடிசிக்கு மாற்றி எழுதுகிறது. இந்தியாவில் உட்கார்ந்து நிரல் எழுதும் எவருக்கும் இதன் விளைவு பழகிய ஒன்று: நாம் மார்ச் 5 என்று தேர்ந்தெடுத்தால், சர்வர் பதிவேட்டில் மார்ச் 4, 18:30 என்று வந்து நிற்கும். 18:30 என்ற எண்ணைப் பார்த்தாலே, யாரோ ஒரு தேதியை நள்ளிரவாக மாற்றி அனுப்பியிருக்கிறார் என்று புரிந்துகொள்வோம். எங்கள் சர்வர் நிரலும் அதை அறிந்தே எழுதப்பட்டிருந்தது. வந்த நேரத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி, தேதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

அந்த அம்மையாரின் தேதிக்கோ உலாவி அனுப்பியது 1943 ஜூலை 13, 17:30. அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் ஜூலை 13 இரவு 11 மணி. ஒரு மணி நேரம் குறைந்ததால் ஒரு நாள் குறைந்துவிட்டது.

அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது? இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டிருந்தன. 1942 செப்டம்பர் தொடக்கத்திலிருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியாவின் நேரம் யூடிசியை விட ஆறரை மணி நேரம் முந்தியது. அதற்கு முன்பும் 1941 அக்டோபரிலிருந்து 1942 மே நடுப்பகுதி வரை இதே ஏற்பாடு இருந்தது. உலகின் ஒவ்வொரு பகுதியிலும் கடிகாரம் எப்போது, எவ்வளவு மாறியது என்பதைத் தொகுத்து வைத்திருக்கும் நேர மண்டலத் தரவுத்தொகுப்பு ஒன்று உண்டு. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய அந்தத் தொகுப்பை இப்போது பால் எக்கர்ட் ஒருங்கிணைத்து வருகிறார். உலாவிகளும் பெரும்பாலான இயங்குதளங்களும் தரவுத்தளங்களும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. எங்கள் பயனரின் உலாவி அந்தத் தொகுப்பைப் பார்த்து, 1943இல் இந்தியாவின் நேரம் ஆறரை என்று சரியாகவே கணக்கிட்டது. ஐந்தரை என்று கல்லில் பொறித்ததுபோல் எழுதி வைத்த எங்கள் சர்வர் நிரல்தான் தவறு.

அன்று மாலை அந்தத் தொகுப்பை ஆர்வத்தோடு படித்துக்கொண்டிருந்தேன். கொல்கத்தாவின் பெயரில் இருக்கும் இந்திய மண்டலத்தின் வரலாற்றில், 1870 முதல் 1905 முடிய உள்ள காலத்துக்கு 5 மணி 21 நிமிடம் 10 வினாடி என்று எழுதியிருக்கிறது. அதுதான் மதராஸ் நேரம்; நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தின் நேரம். ரயில்வேக்கள் நாடு முழுவதும் அந்த நேரத்தைப் பின்பற்றின. 1906 ஜனவரி 1 அன்றுதான் ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தது. உங்கள் கணினி இந்திய நேரத்தில் இருந்தால், உலாவியில் நிரல்வரிகளை இட்டுப் பார்க்கும் கன்சோலைத் திறந்து, 1900 ஜனவரி 1ஆம் தேதிக்கு ஒரு 'டேட்' உருவாக்கிப் பாருங்கள். ஐந்தரைக்குப் பதிலாக ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் என்று காட்டும். சென்னைக்காரனான எனக்கு அது ஒரு மறக்க முடியாத கணம்.

நாங்கள் செய்த திருத்தம் எளிமையானது. பிறந்த தேதி என்பது ஒரு கணம் அன்று. அது ஒரு நாட்காட்டித் தேதி. அதற்கு மணியும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. சென்னையில் பிறந்தவர் டல்லஸுக்குக் குடிபெயர்ந்தால் அவருடைய பிறந்த நாள் ஒரு நாள் முன்னே நகர்ந்துவிடாது. எனவே ஆண்டு, மாதம், நாள் என்ற மூன்று எண்களை '1943-07-14' என்ற எழுத்துச் சரமாகவே படிவத்திலிருந்து எடுத்து, அப்படியே அனுப்பி, தரவுத்தளத்தில் நேரமில்லாத தேதி வகையிலேயே சேமித்தோம். நடுவில் எங்கும் அதை 'டேட்' பொருளாக்கவில்லை. திரையில் காட்டும்போது மட்டும், அந்த மூன்று எண்களிலிருந்து யூடிசி நள்ளிரவாக ஒரு பொருளை உருவாக்கி, வடிவமைக்கும் கருவியிடமும் நேர மண்டலம் யூடிசி என்றே சொன்னோம். இரண்டு பக்கமும் யூடிசியாக இருந்தால் தேதி நகர இடமில்லை.

இங்கே ஒரு படுகுழியைச் சொல்லியாக வேண்டும். '2024-03-05' என்ற சரத்தை அப்படியே 'டேட்' பொருளிடம் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்டின் விதிப்படி அது யூடிசி நள்ளிரவாகப் படிக்கப்படும். அதே சரத்தின் பின்னால் மணியைச் சேர்த்து, மண்டலக் குறி இல்லாமல் கொடுத்தால், உள்ளூர் நேரமாகப் படிக்கப்படும். முதல் வகையில் சென்னையில் கிடைப்பது மார்ச் 5 காலை ஐந்தரை மணி. தேதி சரியாகத் தெரிகிறது, நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். டல்லஸில் இருப்பவருக்கு அதே கணம் மார்ச் 4 மாலை 6 மணி. அவர் திரையில் ஒரு நாள் குறைந்துவிடும். யூடிசிக்குக் கிழக்கே இருப்பவர்கள் எழுதிச் சோதிக்கும் நிரலில் இந்த வழு அவர்கள் கண்ணுக்குப் படவே படாது. எதிர்த் திசைத் தவறு நமக்கும் உண்டு: இன்றைய தேதி வேண்டும் என்று ஐஎஸ்ஓ சரத்தின் முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுப்பவர்களின் நிரல், நம் ஊரில் நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் நேற்றைய தேதியைத் தரும். அலுவலக நேரத்தில் சோதிப்பவருக்கு அது தெரியாது; விடியற்காலையில் பயன்படுத்துபவருக்குத்தான் தெரியும்.

உண்மையிலேயே கணமாக இருப்பவை வேறு: பணம் செலுத்திய நேரம், ஒரு செய்தி அனுப்பிய நேரம். இவை நடந்து முடிந்தவை. யூடிசியில் சேமித்து, பார்ப்பவரின் மண்டலத்தில் காட்டினால் போதும். ஆனால் இனி நடக்கவிருக்கும் சந்திப்பை யூடிசியாக மட்டும் சேமிப்பது ஆபத்து. இலங்கை 1996 மே மாதத்தில் ஆறரை மணி நேரத்துக்கும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணி நேரத்துக்கும், 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் ஐந்தரைக்கும் மாறியது. 2006 ஜனவரியில் கொழும்பில் ஒருவர் மே மாதத்துக்கான காலை 10 மணிச் சந்திப்பைக் குறித்து, நிரல் அதை யூடிசி 4 மணி என்று மட்டும் சேமித்திருந்தால், மே மாதத்தில் அது காலை 9:30 என்று காட்டியிருக்கும். அவர் மனத்தில் இருந்தது சுவர்க்கடிகாரத்தின் 10 மணி. ஆகவே எதிர்கால நிகழ்வுகளுக்கு உள்ளூர்த் தேதியையும் மணியையும் மண்டலத்தின் பெயரையும் சேர்த்தே வைக்க வேண்டும். பெயரை வைத்தால் அதையும் எச்சரிக்கையோடு ஒப்பிட வேண்டும்: கொல்கத்தாவின் பெயர் மாற்றம் தொகுப்பில் 2008இல் ஏற்கப்பட்டும், பயனரின் மண்டலம் எது என்று கேட்டால் குரோம் நெடுங்காலம் பழைய 'கல்கத்தா' என்ற பெயரையே திருப்பித் தந்தது, ஃபயர்பாக்ஸ் புதிய பெயரைத் தந்தது. இரண்டு பெயரும் ஒரே மண்டலம்தான். சரங்களை நேருக்கு நேர் ஒப்பிட்ட எங்கள் நிரலுக்கு மட்டும் அது தெரியவில்லை.

இதுவரை சொன்னது எந்த நாள், எந்தக் கணம் என்பதைப் பற்றி. அதை எந்த மொழியில், எந்த வழக்கில் எழுதிக் காட்டுவது என்பது தனிக் கேள்வி. லொகேல் என்று நாம் சொல்வது அதைத்தான். நேர மண்டலத்தையும் லொகேலையும் ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிப்பது நான் அடிக்கடி காணும் தவறு. டொரன்டோவில் இருந்துகொண்டு தமிழில் படிப்பவருக்குத் தமிழ் மாதப் பெயர்களும் டொரன்டோ நேரமும் வேண்டும். தமிழைத் தேர்ந்தெடுத்த காரணத்தால் அவருக்கு இந்திய நேரத்தைக் காட்டக் கூடாது.

ஜாவாஸ்கிரிப்டில் இதற்கான கருவி 'இன்டில்' என்ற பெயரில் 2012 இறுதியில் தரமாக வெளிவந்த பன்னாட்டுமயமாக்கல் இடைமுகம். அதற்குள் இருக்கும் மொழித் தரவுகள் யூனிகோட் கூட்டமைப்பு பேணும் சிஎல்டிஆர் தொகுப்பிலிருந்து வருகின்றன. தமிழுக்கு அதில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு லொகேல்கள் உண்டு. இந்தியத் தமிழில் மாலை மூன்றேகால் 'பிற்பகல் 3:15' என்று வரும் இடத்தில், இலங்கைத் தமிழில் '15:15' என்று 24 மணிக் கணக்கில் வரும். இலங்கைப் பத்திரிகைகள் ஓகஸ்ட், ஒக்டோபர் என்று எழுதும். ஆனால் நான் சோதித்த பதிப்புகளில் இலங்கை லொகேலும் ஆகஸ்ட், அக்டோபர் என்றே தந்தது. தேதி என்று நாம் சொல்வதை அவர்கள் திகதி என்பார்கள். அந்தச் சொல் கருவியிலிருந்து வருவதன்று, நம் மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்து வருவது என்பதால் அங்கே நாம்தான் கவனிக்க வேண்டும்.

குறுகிய வடிவத்தை நான் பயன்படுத்துவதில்லை. 3/4/24 என்பது இந்தியருக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. எந்த லொகேலில் பார்க்கிறோம் என்று திரையில் எழுதியிருப்பதில்லை. மாதத்தை எழுத்தில் காட்டிவிட்டால் ஐயமே எழாது. தமிழ்-இந்தியா லொகேலில் முழு வடிவம் கேட்டால் 'செவ்வாய், 5 மார்ச், 2024' என்று வரும். 'மார்ச் 5, 2024' என்று எழுதியே பழகிய எனக்கு இந்த வரிசை முதலில் உறுத்தியது. இருந்தாலும் கருவி தரும் வரிசையையே ஏற்றுக்கொண்டேன். ஒரு பக்கத்தில் நான் கையால் அடுக்கி, மறு பக்கத்தில் கருவி அடுக்கினால், ஒரே செயலியில் இரண்டு வழக்கு நிலவும். அது இன்னும் மோசம்.

கையால் அடுக்குவதில் உள்ள ஆபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்க்கலாம். ஆங்கில மாதப் பெயர்களைச் சுருக்க முதல் மூன்று எழுத்துகளை வெட்டும் வழக்கம் பலரிடம் உண்டு. அந்த நிரலைத் தமிழ்ப் பெயர்கள்மேல் ஓடவிட்டால் என்ன ஆகும்? கணினிக்குப் 'பிப்ரவரி' என்பதன் முதல் மூன்று குறிகள் ப, இகரக் குறி, ப. புள்ளி வெட்டுப்பட்டு 'பிப' என்று நிற்கும். மார்ச் 'மார' ஆகும், ஜூன் 'ஜூன' ஆகும், ஜூலை 'ஜூல' ஆகும், ஆகஸ்ட் 'ஆகஸ' ஆகும். ஏப்ரல், அக்டோபர் போன்ற சில மட்டும் தற்செயலாக 'ஏப்', 'அக்' என்று தப்பிக்கும். கருவியிடம் குறுவடிவம் கேட்டால் 'பிப்.', 'மார்.', 'ஆக.' என்று தமிழர் எழுதும் முறையில் வரும். ஜூனையும் ஜூலையையும் அது வெட்டுவதே இல்லை. கிழமைகளிலும் இதே கதைதான். நாட்காட்டியின் தலைப்பில் முதல் குறியை மட்டும் போட்டால் செவ்வாயும் சனியும் 'ச' ஆகிவிடும், வியாழனும் வெள்ளியும் 'வ' ஆகிவிடும். கருவி தரும் மிகக் குறுகிய வடிவமோ ஞா, தி, செ, பு, வி, வெ, ச. உயிர்க்குறியோடு சேர்ந்த எழுத்தாக எடுக்கும்போது ஏழு கிழமையும் ஏழு வேறு எழுத்துகளாக நிற்கின்றன. ஆங்கிலத்துக்குக் கூட இந்த வசதி இல்லை. அங்கே சனியும் ஞாயிறும் ஒரே எழுத்து.

தேதியும் நேரமும் சேர்ந்த நீண்ட வடிவத்தில் வேறொரு சிக்கலைக் கண்டேன். தேதிக்கும் மணிக்கும் நடுவில் 'அன்று' என்ற சொல்லைத் தமிழ் லொகேல் சேர்க்கிறது. அது நல்ல தமிழ். ஆனால் நான் பயன்படுத்திய பதிப்புகளில் அந்தச் சொல்லின் இருபுறமும் வளைந்த மேற்கோள் குறி திரையில் தெரிந்தது: '5 மார்ச், 2024 ’அன்று’ பிற்பகல் 3:15' என்று. காரணம் தரவிலேயே இருந்தது. வடிவ வார்ப்பில் ஒரு சொல்லை அப்படியே காட்ட வேண்டும் என்றால் அதை நேரான ஒற்றை மேற்கோளுக்குள் வைப்பது விதி. அந்தக் குறி வெளியே தெரியாது. நேர்க்குறி இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த குறி புகுந்துவிட்டதால், கருவி அதையும் எழுத்தாகவே எடுத்துக்கொண்டது. இதைத் தவிர்க்கத் தேதியைத் தனியாகவும் நேரத்தைத் தனியாகவும் வடிவமைத்து, நடுவில் வரும் 'அன்று' என்பதை மொழிபெயர்ப்புக் கோப்பில் வைத்துக்கொண்டோம். சிஎல்டிஆர் தரவுகள் அந்தந்த மொழியினரின் பங்களிப்பால் உருவாகின்றவை. திருத்தம் சொல்ல வழியும் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த நிரலாளர்கள் அங்கே போக வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன், ஏனென்றால் தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு அந்தக் குறி ஒரு குறையாகவே படாது.

மொழிபெயர்ப்புக் கோப்பு என்றதும் இன்னொன்று. ஆங்கிலத்தில் தேதிக்கு முன் வரும் சிறு சொல் தமிழில் தேதிக்குப் பின் வருகிறது. வாக்கியத்தைத் துண்டுகளாக ஒட்டாமல், தேதிக்கு ஓர் இடம் விட்ட முழு வாக்கியமாக மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் அவர் வேண்டிய இடத்தில் அதை வைத்துக்கொள்வார். வேற்றுமை உருபை மட்டும் தேதியோடு ஒட்டக் கூடாது. ஆண்டில் முடிந்தால் '2024இல்' என்று பொருந்தும். அதே தேதி மாதத்தில் முடிந்தால் 'மார்ச்இல்' என்று அலங்கோலமாக நிற்கும். 'அன்று', 'முதல்', 'வரை' போன்று தனித்து நிற்கும் சொற்களே பாதுகாப்பானவை.

பொழுதின் பெயர்களில்தான் எனக்கு நெடுநாள் மனக்குறை இருந்தது. முற்பகல், பிற்பகல் என்ற இரண்டும் பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரத்தைக் குறிக்கும் அலுவல் சொற்கள். இரவுப் பேருந்துக்கு 'பிற்பகல் 11:45' என்று எழுதினால் எந்தத் தமிழருக்கும் நெருடும். 'முற்பகல் 12:15' என்பதோ நெருடுவதோடு நிற்காது. அது நள்ளிரவா நண்பகலா என்று பயணி குழம்பி, அரை நாள் தவறி நிலையத்துக்கு வந்து நிற்பார். கருவியில் பொழுதுப் பெயர் கேட்கும் விருப்பம் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டால் தமிழுக்கு அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, அந்தி மாலை, இரவு என்று ஒரு நாளைப் பகுத்துத் தரும். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மாலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை அது 'அந்தி மாலை' என்கிறது; ஏழரை மணியை நாம் இரவு ஏழரை என்றுதான் சொல்வோம். நள்ளிரவு தாண்டிய கால் மணியையும் அது 'இரவு 12:15' என்கிறது. நமக்கு நள்ளிரவு என்ற தெளிவான சொல் இருக்கிறது. ஆகவே பயணச் சீட்டு சார்ந்த ஒரு பணியில், வடிவமைத்த நேரத்தைப் பகுதி பகுதியாகத் தரும் வசதியைப் பயன்படுத்தி, பொழுதுப் பெயர் என்ற ஒரே பகுதியை மட்டும் எங்கள் பட்டியலிலிருந்து மாற்றினோம். எண்கள், வரிசை, இடைவெளி எல்லாம் கருவி தந்தபடியே இருந்தன. கையால் அடுக்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு நான் அனுமதிக்கும் ஒரே விலக்கு இது.

இந்த இடத்தில், தேதிகளைக் கையாளும் மொமென்ட் என்ற நிரல் நூலகத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2020இல் பராமரிப்பு நிலைக்குப் போய்விட்ட பழைய நூலகம் அது. அதன் தமிழ்க் கோப்பைத் திறந்தால், நாளின் பகுதிகளுக்கு யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை என்று எழுதியிருக்கும். சங்க இலக்கியத்தின் ஆறு சிறுபொழுதுகள்! மாலை மூன்றரை மணிக்கு அனுப்பிய செய்திக்குக் கீழே 'எற்பாடு' என்று தெரியும். எண்களையும் அது ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களாக்கிவிடும். இதை எழுதியவரின் தமிழ்ப் பற்றின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் எற்பாடு என்ற சொல்லை வகுப்பறைக்கு வெளியே கேட்டிராதவரும், ௭ என்பதைப் பார்த்து 'எ' என்ற எழுத்து என்று நினைப்பவரும்தான் நம் பயனர்களில் பெரும்பாலோர். தமிழ் எண்கள் விரும்புவோருக்கு அவை கிடைக்க வேண்டும்; இன்டில் கருவியில் லொகேலோடு ஓர் எண்முறைக் குறியைச் சேர்த்து அதைப் பெறலாம். விரும்பிக் கேட்காதவருக்கு அவற்றை முதல் தேர்வாக வைப்பது அவரைப் படிக்க விடாமல் செய்வதாகும்.

நாட்களை ஒப்பிட்டுச் சொல்லும் வடிவத்தில் தமிழ் ஒரு படி மேலே நிற்கிறது. இன்றிலிருந்து இரண்டு நாள் முன்னே பின்னே என்றால் கருவி 'நேற்று முன் தினம்', 'நாளை மறுநாள்' என்று தானே தருகிறது. ஆனால் எத்தனை நாள் என்ற எண்ணை நாம்தான் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு கணங்களின் இடைவெளியை 24 மணி நேரத்தால் வகுத்தால் தவறு. நேற்று இரவு 11 மணிக்கு வந்த செய்தியை இன்று அதிகாலை 1 மணிக்குப் பார்ப்பவருக்கு இடைவெளி இரண்டு மணி நேரம்தான். ஆனாலும் அது நேற்று வந்த செய்தி. பயனரின் மண்டலத்தில் இரண்டு கணங்களின் நாட்காட்டித் தேதிகளை எடுத்து, அவற்றின் வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும்.

வடிவமைத்த சரம் மனிதர் கண்ணுக்கு மட்டுமே உரியது. அதை மீண்டும் நிரலுக்குள் படிக்கக் கூடாது. 2022 அக்டோபரில் வந்த சிஎல்டிஆர் 42ஆம் பதிப்பில், ஆங்கில நேர வடிவத்தில் மணிக்கும் ஏஎம், பிஎம் குறிக்கும் நடுவிலிருந்த சாதாரண இடைவெளி, வரி முறியாத ஒடுங்கிய இடைவெளியாக மாறியது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அந்தச் சரத்தை வெட்டிப் படித்துக்கொண்டிருந்த பல வலைத்தளங்கள் குரோமின் 110ஆம் பதிப்பு வந்தபோது உடைந்தன. குரோம் பழைய இடைவெளியை மீட்டுத் தர வேண்டியதாயிற்று. எங்கள் பணியில் உடைந்தவை சோதனைகள்; எதிர்பார்த்த சரத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டவை எல்லாம் ஒரே நாளில் சிவப்பாயின. கண்ணால் பார்த்தால் இரண்டு சரமும் ஒன்றாகவே தெரிந்ததால், காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது.

சர்வரில் பக்கத்தை உருவாக்கி, உலாவியில் உயிரூட்டும் செயலிகளில் இன்னும் ஒரு தொல்லை: சர்வர் யூடிசியில் ஓடும், உலாவி பயனரின் மண்டலத்தில் ஓடும். சர்வர் 'மார்ச் 4' என்று எழுதி அனுப்பியதை உலாவி 'மார்ச் 5' என்று மாற்ற, திரை ஒரு கணம் துடிக்கும். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் என்ற தளத்தின் 13ஆம் பதிப்புக்கு முன் ஆங்கிலத் தரவு மட்டுமே இயல்பாக இருந்ததால், தமிழ் கேட்டாலும் ஆங்கில மாதப் பெயரே வந்தது. பயனரின் மண்டலத்தையும் லொகேலையும் அவருடைய கணக்கிலேயே சேமித்து, இரு பக்கமும் அவற்றை வெளிப்படையாகக் கொடுப்பதுதான் நான் கண்ட நிலையான தீர்வு. இயல்பு மதிப்பை நம்பினால் ஓடும் இடத்துக்கு ஏற்ப விடை மாறும்.

நாட்காட்டித் தேதி, கணம், மண்டலத்தோடு கூடிய நேரம் ஆகியவற்றைத் தனித்தனி வகைகளாகத் தரும் 'டெம்போரல்' என்ற புதிய இடைமுகம் 2025இல் ஃபயர்பாக்ஸின் 139ஆம் பதிப்பில் வந்துவிட்டது. வெறும் தேதிக்கென்றே அதில் ஒரு வகை இருக்கிறது. பிறந்த நாளை அதில் வைத்தால் மண்டலம் அதைத் தொடவே முடியாது. எல்லா உலாவிகளிலும் அது பரவும் வரை, எங்கள் சோதனைகளை மூன்று மண்டலங்களில் ஓட்டுகிறோம்: கொல்கத்தா, லாஸ் ஏஞ்சலிஸ், ஆக்லாந்து. ஒவ்வொன்றிலும் சில தேதிகளைப் படிவம் வழியே அனுப்பி, தரவுத்தளத்திலும் திரையிலும் அதே தேதி இருக்கிறதா என்று பார்க்கிறோம். 1900 ஜனவரி 1, 1943 ஜூலை 14, 1945 அக்டோபர் 15, 2024 பிப்ரவரி 29 ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. புதிதாகக் குழுவில் சேர்பவர்கள் இரண்டாவது தேதி ஏன் என்று கேட்கும்போது, அந்த அம்மையார் தாளில் எழுதி அனுப்பிய இரண்டு வரிகளை எடுத்துக் காட்டுகிறேன்.